நூறடி ரோடு, பெயரில் உள்ளபடி

கிரைண்டருக்குக் கல் கொத்துகிற ஊர் ஒன்றில், மேம்பாலத்துக்கும் ரயில்வே கேட்டுக்கும் நடுவே, நூறடி ரோடு என்று ஒரு ரோடு இருந்தது. பெயர் சொன்னபடியே அது நூறு அடி அகலம் இருந்தது. அது தினம் ஒரு விரற்கடை சுருங்கத் தொடங்கியது ஓர் ஆடி மாதம் மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை என்பதை நாச்சிமுத்து ஒருவர்தான் நோட்டில் குறித்து வைத்திருந்தார்.

நாச்சிமுத்துவுக்கு அப்போது அறுபத்தாறு வயது. ஏழாம் வகுப்பு வரை படித்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், யாராவது முகத்தைப் பார்த்துப் பேசினால் தன் செருப்பைப் பார்த்துப் பதில் சொல்கிறவர். வண்டி எண்ணுவது அவர் பிழைப்பாக இருந்தது. ரோட்டை அகலப்படுத்துவதற்கு முன்னால் அதில் எத்தனை வண்டி போகிறது என்று கணக்கெடுக்க ஆள் வைப்பார்களே, அந்த ஆள். நான்கு வண்டிக்கு நான்கு நேர்கோடு, ஐந்தாவது வண்டிக்கு அந்த நான்கின் மேலும் சாய்வாக ஒரு குறுக்குக்கோடு. அது ஒரு கட்டு. அப்படி முப்பது வருடம் கட்டுக் கட்டாகப் போட்ட கை, பிழைப்பு நின்ற பிறகும் நிற்கவில்லை. தினமும் விடிந்ததும் வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, யாரும் கேட்காவிட்டாலும் எண்ணிக்கொண்டிருந்தார்.

அவருடைய கேட்டின் சிமெண்டுப் படிக்கும் ரோட்டோரத்து வெள்ளைக்கோட்டுக்கும் நடுவே எப்போதும் நான்கு விரல் வைக்கிற இடம் இருக்கும். அன்று மூன்றரை விரல்தான் வைக்க முடிந்தது. தன் பக்கம் அரை விரல் என்றால் எதிர்ப்பக்கமும் அரை விரல் வந்திருக்க வேண்டும் என்று நினைத்துத் தலையைத் தூக்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, எதிர்க்கடைப் பலகையைப் பார்த்தார். பலகையில் நான்கு வரி. ‘தெய்வானை மாவுக்கடை’ என்ற முதல் வரி பெரிய எழுத்து. அது எப்போதும் தெரியும். ‘இட்லி, தோசை, ஆப்பம்’ என்ற இரண்டாவது வரியில் ஆப்பத்தின் ‘ப்’புக்கு மேலே புள்ளி இருப்பதை அன்றுதான் பார்த்தார். மூன்றாவது வரி கலங்கலாகத் தெரிந்தது, நான்காவது எறும்பு வரிசை போல இருந்தது. அறுபத்தாறு வயதில் கண் திடீரென்று தெளிவதில்லை, ஆகவே ரோடுதான் சுருங்கியிருக்கிறது என்று முடிவு செய்து, தேதி போட்டு எழுதிவிட்டுப் பல் விளக்கப் போனார்.

அந்தப் பலகையை அவர் ஏன் அவ்வளவு பார்த்தார் என்பதைச் சொல்லிவிட்டால் மற்றது எல்லாம் தானாக விளங்கிவிடும்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் அது நூறடி ரோடு இல்லை. புங்கமர வீதி என்று பெயர், இருபது அடி அகலம், பதினொரு புங்கமரம், நடுவில் ஒரு தெருக்குழாய். எதிர்வீட்டுத் தெய்வானையம்மாள், கட்டினவர் காலமாகிவிட்ட பிறகு, ஒரே ஒரு கிரைண்டரை வைத்து மாவுக்கடை ஆரம்பித்திருந்தார். கிரைண்டருக்கு மேலே பேசிப் பேசி அவருக்குக் குரல் நன்றாகத் திறந்திருந்தது. ஒரு நாள் காலை அவர் மாவுக்கையோடு வாசலுக்கு வந்து, வீதியே கேட்கிற மாதிரி, “ஏனுங்க, தினமும் ஒரு ஆளுக்குத்தான் உலை வெக்கறீங்களா? ரெண்டு ஆளுக்கு வெச்சாப் பானை கோவிச்சுக்குங்களா?” என்று கேட்டார். நாச்சிமுத்து செருப்பைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய், பகல் முழுக்க யோசித்து, நாளைக் காலையில் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார்.

மறுநாள் காலையில் வண்டிக் கணக்கு வந்துவிட்டது. அவர் வீதியிலேயே அவருக்கு மூன்று நாள் வேலை. அச்சடித்த கணக்குப் பாரத்தில் பஸ், லாரி, கார், வேன் என்று தொடங்கி மாட்டுவண்டி வரை பதின்மூன்று கட்டம். நடந்து போகிறவர்களுக்குக் கட்டம் இல்லை. “நடக்கறவங்களை எதுலீங்க போடறது?” என்று மேஸ்திரியைக் கேட்டார். “நடக்கறவன் எங்க வேணும்னாலும் நடந்துக்குவான், அவனுக்கு எதுக்கய்யா ரோடு?” என்றார் மேஸ்திரி. அந்த மூன்று நாளில் தெய்வானையம்மாள் குடத்தோடும் மாவோடும் சும்மாவும் வீதியின் குறுக்கே நூற்று இருபத்தாறு தடவை போய் வந்தார். நாச்சிமுத்து மனசில் எண்ணினார், பாரத்தில் போடவில்லை. அவர் வாழ்க்கையில் எண்ணிவிட்டும் எழுதாமல் விட்ட எண் அது ஒன்றுதான்.

அவர் போட்ட கணக்கை வைத்துத்தான் ரோடு வந்தது. இரண்டு பக்கமும் வீடுகளின் முன்பாதி போயிற்று, புங்கமரம் பதினொன்றும் போயிற்று, குழாய் போயிற்று, நடுவில் இரும்புத் தடுப்பு வந்தது. எதிர்வீட்டுக்குப் போக வேண்டுமானால் மேம்பாலத்தடியில் போய்த் திரும்பி வரவேண்டும், அது இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து அடி. ரோடு திறந்த மறுநாள் நாச்சிமுத்து, பிறந்ததிலிருந்து முதல்முறையாக, தொண்டையைத் திறந்து, “ரெண்டு ஆளுக்கும் வெக்கலாமுங்க!” என்று கத்தினார். அதே நேரம் ஒரு மணல் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. தெய்வானையம்மாள் காதுக்குப் பக்கத்தில் கையை வைத்து, “என்னதுங்க?” என்று சைகை காட்டினார். இரண்டாவது முறை கத்த நாச்சிமுத்துவுக்கு வாய் வரவில்லை. அந்தம்மா கையை இறக்கிவிட்டுக் கடைக்குள் போனார். சாயங்காலம் ஏணி போட்டு ஏறிப் பலகையில் கடைசியாக என்னவோ ஒரு வரி எழுதினார்.

அதற்குப் பிறகு ஏழு தடவை நாச்சிமுத்து சுற்றிக்கொண்டு போகக் கிளம்பினார். ஏழு தடவையும் வழியில் யாராவது, “எங்கீங்க கிளம்பியாச்சு?” என்று கேட்டார்கள். அறுநூறு அடி தாண்டினால் அவருடைய தைரியம் தீர்ந்துவிடும். பக்கத்துக் கடையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுவார்.

ஆகவே ரோடு சுருங்குகிறது என்று தெரிந்ததும் அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, எத்தனை நாள் என்றுதான் கேட்டார். பதினாறு விரற்கடை ஓர் அடி. நாளுக்கு ஒரு விரற்கடை என்றால் அடிக்குப் பதினாறு நாள். கத்தாமல் பேசினால் தன் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று அடுத்த கட்டடத்துப் பேக்கரி சம்சுதீனை வைத்துச் சோதித்தார்: பதினோரு அடியில் நின்று கூப்பிட்டபோது சம்சுதீன் திரும்பினார், பன்னிரண்டு அடியில் திரும்பவில்லை. நூறில் பதினொன்று போனால் எண்பத்தொன்பது. எண்பத்தொன்பது தடவை பதினாறு, ஆயிரத்து நானூற்று இருபத்து நான்கு நாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். பிறகு ஸ்கேலை வைத்து, பதின்மூன்று கட்டத்துக்குப் பக்கத்தில் பதினாலாவதாக ஒரு கட்டம் வரைந்து, ‘நடப்பவர், குறுக்கே’ என்று தலைப்பு எழுதினார். முதல் நாள் அந்தக் கட்டத்தில் பூஜ்யம்.

நாலு அடி குறைந்தபோது மாநகராட்சிக்குத் தெரிந்தது. நிறைமதி என்ற இளம் பெண் பொறியாளர் டேப்போடு வந்து அளந்து, தொண்ணூற்றாறு வந்ததால் டேப் சரியில்லை என்று ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டு வேறு டேப் வாங்கி வந்தார். அதற்குள் ஒன்பது நாள் ஆகியிருந்ததால் புது டேப் இன்னும் மோசமாக இருந்தது. மூன்றாவது டேப்பையும் கொடுத்துவிட்டு அவர் பேக்கரியில் டீ குடித்தபோது சம்சுதீன் சொன்னார்: “டேப்புக மேல ஏனுங்க பழி போடறீங்க? தினமும் காலைல கடை திறக்கறப்போ எதிர்ல இருக்கற சலூன்காரர் மூஞ்சி கொஞ்சம் பெருசாத் தெரியுது. அவரும் இதையேதான் சொல்றாரு.”

ஊர் அதைத் தன் பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது. சுவர் ஒன்றும் விரியவில்லை, கூரை ஒன்றும் அசையவில்லை, வீடுகள் தூங்குகிறவர்கள் புரண்டு படுப்பதுபோல நோகாமல் நெருங்கி வந்தன. எண்பது அடி ஆனபோது நான்கு வரிசை வண்டி மூன்று வரிசையாயிற்று, அறுபது அடி ஆனபோது இரண்டாயிற்று, கார் வைத்திருந்தவர்கள் கோபப்பட்டார்கள், மனு எழுதினார்கள், மனுவைக் கொடுக்கக் காரில் போனால் நடந்து போகிறவர் முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறார் என்று கண்டு நடந்தே போனார்கள், நடந்து போகும் வழியில் யாரையாவது பார்த்துப் பேசினார்கள், பேசியதில் மனுவைக் கொடுக்க மறந்து திரும்பி வந்தார்கள். நூறடி ரோட்டைப் பார்த்து அடுத்த ரோடும், அதைப் பார்த்துச் சுற்றுச்சாலையும் சுருங்கத் தொடங்கின. ஐம்பது அடியில் இரும்புத் தடுப்பு ஒரு காலையில் காணாமல் போயிருந்தது.

அது போன இடம் சீக்கிரம் தெரிந்தது. ரோடு முன்னால் விட்ட நிலமெல்லாம் வீடுகளுக்குப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. முதலில் மண், அதில் வெள்ளைக்கோட்டின் துண்டு துண்டான சுண்ணாம்பு. பிறகு தார்ப்பொடி, அது ஒரு மழைக்குக் கரைந்தது. பிறகு பழைய தெருக்குழாய், வாயில் ஒரு சொட்டுத் தண்ணீரோடு. பிறகு புங்கமரத்து அடிக்கட்டைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு இலை துளிர்த்து. நாச்சிமுத்து போய் எண்ணினார், பதினொன்றும் இருந்தன, வரிசைகூட மாறவில்லை. இரும்புத் தடுப்பும் அங்கேதான் வந்து நின்றது. அதன்மேல் யாரோ அவரைக்கொடியை ஏற்றிவிட்டிருந்தார்கள்.

யாருக்கு அந்த நிலம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் பேச்சு நடந்தது. முன்வீதிக்காரர்கள் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வந்தது எங்களுடையது என்றார்கள், பின்வீதிக்காரர்கள் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வந்ததும் அதேதான் என்றார்கள், சுண்ணாம்புக்கோட்டை எல்லையாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொல்ல, அந்தக் கோடு தினம் அரை விரல் நகர்கிறது என்று நாச்சிமுத்துவின் நோட்டு சொன்னது. மூன்றாவது ஞாயிறு தெய்வானையம்மாள், கிரைண்டரை விட்டு நகராமல் தன் கடை வாசலிலிருந்தே, நாற்பத்தெட்டு அடிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார்: “ரோட்டுல இருந்து வந்தது ரோடுதானுங்களே! ரோட்டுல யாராச்சும் வேலி போடுவாங்களா?”

பேச்சு அதோடு முடிந்தது. வேலி போடாமல் விட்டார்கள். கீரை போட்டவர் போட்டார், பறித்தவர் பறித்தார், பள்ளிக்கூடம் அதன் பின்சுவரை இடித்துவிட்டு, தெருக்குழாய் உள்ளே அடங்கும்படி அந்தப் பக்கமாக ஒரு கேட் வைத்தது. ஓடாத கார்களைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தினார்கள், அவற்றில் கோழிகள் சீட்டுப் பார்த்து உட்கார்ந்தன. நாச்சிமுத்துவின் நோட்டில் முதல் நாள் முப்பத்தோராயிரத்து நானூற்று நாற்பது வண்டி. இரண்டாம் வருட ஆடியில் பன்னிரண்டாயிரம். மூன்றாம் வருட ஆடியில் இரண்டாயிரத்து எண்பது. பதினாலாவது கட்டத்தில் பூஜ்யம் இருந்த இடத்தில் இருநூறு வந்தது, தொள்ளாயிரம் வந்தது.

எல்லோரும் குறுக்கே போனார்கள். நாச்சிமுத்து மட்டும் போகவில்லை. காரணம் இல்லாமல் ஒருவர் வாசலில் போய் எப்படி நிற்பது? தெய்வானையம்மாளும் கூப்பிடவில்லை. காலையில் அவர் நாற்காலி போடும்போது அங்கிருந்து ஒரு கை ஆடும், இங்கிருந்து பேனா ஆடும், அவ்வளவுதான். ஆனால் மூன்றாவது வரியை அவர் படித்துவிட்டிருந்தார். ‘காலை ஆறு முதல் இரவு எட்டு வரை.’ இனி எறும்பு வரிசை ஒன்றுதான் பாக்கி.

இருபத்தெட்டு அடி ஆனபோது, ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டாவது நாள், சிவப்புப் பெயிண்டோடு ஆட்கள் வந்து இரண்டு பக்கத்துச் சுவர்களிலும் ‘36’ என்று எழுதினார்கள். கோப்பில் நூறு அடி என்று இருக்கிறது, ரோட்டில் இருபத்தெட்டுதான் இருக்கிறது, மீதி எழுபத்திரண்டு அடியை ஒரு பக்கம் முப்பத்தாறாக இடித்து எடுத்துக்கொள்ள மேலிடத்து உத்தரவு, வருகிற புதன்கிழமை பத்து மணிக்கு நேரில் அளவு. நாச்சிமுத்துவின் வீடு முப்பத்தோரு அடி ஆழம், மாவுக்கடை இருபத்து நான்கு. இரண்டும் முழுசாகப் போகும்.

அவர் அன்று வண்டி எண்ணவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, இரண்டு கோடு போட்ட எண்ணைப் பார்த்தார். இன்னும் இருநூற்று எழுபத்திரண்டு நாள் இருந்தது.

புதன்கிழமை ரோடு முழுக்க ஆள். நிறைமதி கோப்பையும் நான்காவது டேப்பையும் எடுத்து வந்திருந்தார். மூன்று வருடத்தில் எல்லோர் பெயரும் அவருக்குத் தெரிந்திருந்ததால் யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார்.

“பின்னாடி அவ்வளவு நிலம் வந்திருக்குதில்லீங்களா, அங்க வீடு கட்டிக்கலாம்னு மேல சொல்றாங்க,” என்றார்.

“கட்டிக்கறமுங்க அம்மிணி,” என்றார் தெய்வானையம்மாள் எதிர்ப்பக்கத்திலிருந்து. “இடிச்சு நூறாக்குங்க. மறுநாள் காலைல தொண்ணூத்தொம்பதே முக்காலே மூணுவீசம்னு மறுபடி ஆரம்பிக்குமே, அப்போ யாரு வீட்டை இடிப்பீங்க? உங்க ஆபீஸையா?”

கூட்டம் சிரித்தது. நிறைமதியும் சிரித்திருப்பார், ஆனால் கையில் கோப்பு இருந்தது. “எனக்குத் தெரியுமுங்க. ஆனா கோப்புல இருக்கறது தரையில இருக்கணும். இல்லேன்னா நான் கையெழுத்துப் போட முடியாது.”

“கோப்புல... என்ன எழுதியிருக்குதுங்க?” என்றார் ஒருவர். யார் என்று எல்லோரும் தேடினார்கள். நாச்சிமுத்து தன் செருப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணன் கேக்கறாரு, கோப்புல என்ன எழுதியிருக்குதுன்னு!” என்று பேக்கரிப் படியிலிருந்து சம்சுதீன் உரக்கச் சொன்னார். நாச்சிமுத்துவின் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று அவருக்குத் தெரியும்.

நிறைமதி பிரித்துப் படித்தார்: “சாலையின் பெயர், நூறடி ரோடு. அளவு, பெயரில் உள்ளபடி.”

“அவ்வளவுதானுங்களா?”

“அவ்வளவுதானுங்க. எழுதினவர் சோம்பேறி போல இருக்குது.”

நாச்சிமுத்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் எண் விஷயத்தில் அவருக்குக் கூச்சம் கிடையாது. மெல்லப் பேசினார், சம்சுதீன் வரிக்கு வரி வாங்கி ஊருக்குக் கொடுத்தார்.

“அண்ணன் சொல்றாரு, அகலம்னு அதுல எங்கயும் இல்லீங்களே! நூறு அடின்னுதான் இருக்குது! டேப்பு அடியா, கால் அடியான்னும் இல்லை!”

“கால் அடின்னா?” என்றார் நிறைமதி.

“அண்ணன் சொல்றாரு, முந்தி அவரு கேட்ல இருந்து எதிர்ப்பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு, பாலத்தடியைச் சுத்தி, நாலாயிரத்து இருநூறு அடி! இப்போ நேராப் போனா எத்தனை அடின்னு நீங்களே, உங்க காலாலயே, நடந்து பாருங்கறாரு! ரேஷன் கடைக்கும் பாருங்க, ஆஸ்பத்திரிக்கும் பாருங்கறாரு!” என்று சொல்லிவிட்டு, தன் பங்குக்கு, “அடின்னா ரெண்டும்தான் அம்மிணி, மூணாவது ஒண்ணும் இருக்குது, அது உங்களுக்கு மேலிடத்துல கிடைக்காமப் பார்த்துக்கலாம்,” என்றும் சேர்த்துக்கொண்டார்.

நிறைமதி கோப்பில் அந்த வரியை விரலால் தொட்டு இன்னொரு முறை படித்தார். பிறகு டேப்பைச் சுருட்டிச் சம்சுதீன் கையில் கொடுத்துவிட்டு, நாச்சிமுத்துவின் கேட்டில் குதிகாலை ஒட்டி வைத்து நின்று, “ஒண்ணு,” என்றார்.

“ரெண்டு,” என்றது கூட்டம். எண்ணிக்கொண்டே எல்லோரும் அவர் பின்னால் போனார்கள். குறுக்கே போனார்கள், மாவுக்கடைக்குப் பக்கத்துச் சந்து வழியே போனார்கள், புங்கங்கன்றுகளின் நடுவே போனார்கள். நாற்பது, அறுபது, எண்பது என்று குரல் தூரமாகிக்கொண்டே போயிற்று. இந்தப் பக்கம் நாச்சிமுத்து ஒருவர்தான் மிச்சம். அந்தப் பக்கம் தெய்வானையம்மாள், ஊறின அரிசியைக் கிரைண்டரில் போட்டுவிட்டதால் நகர முடியாமல் நின்றார். ரோட்டில் யாருமே இல்லை. இருபத்தெட்டு அடி. இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

தொண்ணூற்றாறில் சத்தம் நின்றுவிட்டது.

பிறகு நடந்ததை எல்லோரும் சொல்லித்தான் நாச்சிமுத்து தெரிந்துகொண்டார். தொண்ணூற்றாறாவது அடியில் நிறைமதியின் கால் பள்ளிக்கூட கேட்டில் முட்டிவிட்டது. அவர் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே நான்கு அடி எடுத்து வைத்து, பிள்ளைகள் தண்ணீர் குடிக்கிற பழைய தெருக்குழாயைத் தொட்டு, “நூறு,” என்றார். குழாயைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கோப்பில் எழுதினார்: ‘நேரில் அளக்கப்பட்டது. அளவு பெயரில் உள்ளபடி சரியாக உள்ளது.’

அந்த ‘நூறு’ என்ற கூச்சல் சந்து வழியாக ரோட்டுக்கு வந்தபோது தெய்வானையம்மாள் இரண்டு மாவுக்கையையும் மேலே தூக்கினார். நாச்சிமுத்து பேனாவைத் தூக்கினார். கண்ணாடியில் என்னவோ கலங்கலாக இருந்ததால் அந்தம்மாவின் முகம் சரியாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ரோடு நிம்மதியாகச் சுருங்கியது. இருபது அடியில் கூரைக்குக் கூரை துணிப்பந்தல் கட்டி வெயில் இல்லாமல் செய்தார்கள். பதினாறு அடியில் ஏழாம் நம்பர் பஸ் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் கையை நீட்டிச் சம்சுதீனிடம் டீ வாங்கி, மெல்லப் போகிற பஸ்ஸிலேயே குடித்து, டம்ளரை எதிர்ப்பக்கத்துச் சலூனில் கொடுத்தார்கள். பதினான்கு அடியில், இறங்கி நடந்தவர்கள் பஸ்ஸை முந்திப்போய், திரும்பிப் பார்த்து டிரைவருக்குக் கை காட்டிவிட்டுப் போகத் தொடங்கியதும், அவர் வண்டியைப் பின்னால் மரங்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினார். கண்டக்டர் மட்டும் விசிலை விடவில்லை. பஸ்ஸில் புத்தகம் அடுக்கி, படிக்க வருகிறவர்களை, “உள்ள போங்க, உள்ள இடம் இருக்குது,” என்று ஏற்றிக்கொண்டிருந்தார். சரக்கு தள்ளுவண்டியில் வந்தது, மூட்டை சைக்கிளில் வந்தது, நோயாளியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஐம்பது அடி நடந்தால் ஆஸ்பத்திரி வந்தது. வேறு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். “நாங்க ஒண்ணும் செய்யலீங்க, தடுக்கலை, அவ்வளவுதான்,” என்று இவர்கள் சொன்னார்கள்.

வைகாசிக் கடைசியில் ஆயிரத்து நானூற்று இருபத்து நான்காவது நாள் வந்தது.

நாச்சிமுத்து குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியில் உட்காராமல் பக்கத்தில் நின்றார். படியில் விரல் வைத்து அளந்தார். பதினோரு அடி. சொல்லவேண்டியதை இருபத்தாறு வருடமாக அடுக்கி வைத்திருந்தார், ஒரு சொல்கூட மாறவில்லை. எதிரே தெய்வானையம்மாள் குனிந்து வேலையாக இருந்தார். நாச்சிமுத்து தொண்டையைச் செருமி, கத்தாத தன் சொந்தக் குரலில், “ரெண்டு ஆளுக்கும் வெக்கலாமுங்க,” என்றார்.

தெய்வானையம்மாள் நிமிரவில்லை.

நாச்சிமுத்து இன்னொரு முறை சொன்னார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. குரலைக் காலை வேளையில், சம்சுதீனை வைத்து, அமைதியான இடத்தில் சோதித்திருக்கிறார்; லாரி போய்விடும், பஸ் போய்விடும், காரெல்லாம் போய்விடும் என்று எல்லாவற்றையும் கழித்துக் கணக்குப் போட்டவர், கிரைண்டரைக் கழிக்க மறந்துவிட்டார். அந்தக் கடையில் இப்போது நான்கு கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

இனி எத்தனை அடி, எத்தனை நாள் என்று மனசு கூட்டத் தொடங்கியபோது அவர் பார்வை, பழக்கத்தில், பலகைக்குப் போயிற்று. நான்காவது வரி தெரிந்தது. பதினோரு அடியில் அது எறும்பு வரிசை இல்லை. வெயிலில் மங்கின நீலப் பெயிண்டில், சாய்ந்து சாய்ந்து, யாரோ அவசரமாக எழுதினது போல இருந்தது.

‘மிஷின் சத்தம். கிட்ட வந்து சொல்லவும்.’

நாச்சிமுத்து அதை மூன்று தடவை படித்தார். நோட்டை நாற்காலியில் வைத்தார். பிறகு செருப்பைப் பார்க்காமல், காலை எடுத்து ரோட்டில் வைத்தார்.

“அண்ணா, எங்கீங்க கிளம்பியாச்சு?” என்றார் சம்சுதீன் பேக்கரியிலிருந்து.

“எதிர்ல,” என்றார் நாச்சிமுத்து, நிற்காமல்.

ஒரு தள்ளுவண்டி அவருக்காக நின்று வழி விட்டது. அவர் போய் மாவுக்கடைப் படியில் நின்றபோது தெய்வானையம்மாள் தலையைத் தூக்கினார், பார்த்தார், ஒன்றன்பின் ஒன்றாக நான்கு கிரைண்டரையும் நிறுத்தினார். ரோடே அமைதியாகிவிட்டது.

“அந்த வரி...” என்றார் நாச்சிமுத்து.

“அந்த மணல் லாரி போன அன்னைக்கு எழுதினதுங்க. பெருசா எழுதத்தான் நினைச்சேன். பெயிண்டு அவ்வளவுதான் இருந்துச்சு.” தெய்வானையம்மாள் கையைத் துடைத்துக்கொண்டார். “இப்போ சொல்லுங்க. என்னதுங்க?”

“ரெண்டு ஆளுக்கும் வெக்கலாமுங்க,” என்றார் நாச்சிமுத்து, அவர் முகத்தைப் பார்த்து. “பானை கோவிச்சுக்காது.”

“எத்தனை டம்ளர் அரிசி போடுவீங்க?”

“ஆளுக்கு முக்கால். ஒண்ணரை.”

“ரெண்டாப் போடுங்க. வாசல் இவ்வளவு கிட்ட வந்திருச்சு, வர்றவங்க போறவங்களை உக்காந்து சாப்பிடுங்கன்னு சொல்லாம இருக்க முடியுமா?” என்றார் தெய்வானையம்மாள். பேக்கரிப் படியிலிருந்து சம்சுதீன், “அந்தம்மா சொல்றாங்க, ரெண்டு டம்ளராம்!” என்று ஊருக்குச் சொன்னார்.

மறுநாள் காலை படியில் விரல் வைத்து அளந்தபோது ரோடு அதே பதினோரு அடியாக இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. ஏன் நின்றது என்று யாரும் கேட்கவில்லை, ஏன் தொடங்கியது என்று முன்பு கேட்காததுபோலவே. அது இன்றைக்கும் பதினோரு அடிதான். பெயர் இன்றைக்கும் நூறடி ரோடுதான்.

ஆனால் நோட்டில் ஒரு வேலை பாக்கி இருந்ததை நாச்சிமுத்து, எதிர்ப்பக்கம் போன அன்றே முடித்துவிட்டார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து நாற்காலியில் கிடந்த நோட்டை எடுத்துப் பார்த்தால், பதினாலாவது கட்டத்தில், அவர் எழுந்து போகும்போது விட்ட இடத்தில், நான்கு நேர்கோடு நின்றுகொண்டிருந்தது. அவர் பேனாவைத் திறந்து, தன் கணக்கில் ஒன்று, நான்கின் மேலும் படும்படி குறுக்கே இழுத்தார்.